நிரம்பியது கைப்பேசி, வறண்டதோ தமிழ்?

புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் அரியாங்குப்பம். அவ்வூர்க் கடைத்தெருவில் கைப்பேசி விற்கும் கடையொன்றன் வாயிலில் சிறிது பொழுது நின்று செவி சாய்ப்பவர்க்குத் தவறாது கேட்கும் தொடர் ஒன்றுண்டு. “மெமரி ஃபுல் ஆயிடுச்சு” என்பதே அது. அதைச் சொல்பவர் மீன் விற்றுத் திரும்பும் தாயாக இருக்கலாம்; கல்லூரி செல்லும் மாணவனாக இருக்கலாம்; ஓய்வு பெற்ற அரசு அலுவலராக இருக்கலாம். தொழிலால், அகவையால், கல்வியால் வேறுபட்ட இவர் அனைவர்க்கும் அந்த ஒரு நொடியில் வாய்ப்பது அந்த ஒரு தொடரே. கடைக்காரர் தரும் விடையும் அத்தகையதே: “தேவையில்லாத போட்டோவ டெலிட் பண்ணுங்க, கேச்ச கிளியர் பண்ணுங்க, மீதிய கார்டுக்கு மூவ் பண்ணுங்க.”

இவ்வுரையாடலில் தமிழ் எங்கே இருக்கின்றது என்று தேடிப் பார்க்க வேண்டும். பெயர்ச்சொற்கள் போயின, அஃது எல்லார்க்கும் தெரிந்த இழப்பு. வினைச்சொற்களும் போயின என்பதே எவரும் எண்ணாத இழப்பு. அழிப்பது ‘டெலிட் பண்ணுவது’ ஆயிற்று. துடைப்பது ‘கிளியர் பண்ணுவது’ ஆயிற்று. இடம் மாற்றுவது ‘மூவ் பண்ணுவது’ ஆயிற்று. ஆயிரக்கணக்கான வினைகளை உடைய ஒரு மொழி, ‘பண்ணு’ என்னும் ஒற்றை வினையைக் கையிலேந்தி, பிற மொழியின் வாயிலில் நின்று வினைகளை இரந்து பெறுகின்றது. வந்த பெயர்ச்சொல் திண்ணையில் குந்தும். வந்த வினைச்சொல்லோ அடுப்பங்கரைக்குள் நுழைந்து வீட்டார் கையிலிருந்து அகப்பையைப் பறித்துக்கொள்ளும். முன்னதினும் பின்னது கொடிது.

“ஒரு கைப்பேசி நிரம்பியதற்கு இத்துணைப் புலம்பலா?” எனச் சிலர் நகைப்பர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஆடித் திங்களில் வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர் புறப்படும் நாளில், அரியாங்குப்பம் சுற்றுப்புறத்து மக்கள் பெருந்திரளாய்க் கூடுகின்றனர். வடம் பிடிக்கும் கைகளுக்கு ஒப்பக் கைப்பேசி பிடிக்கும் கைகளும் உயர்கின்றன. தேர் அசையும் அந்நொடியில், உயர்த்திய கைப்பேசியின் முகத்தில் ஆங்கில அறிவிப்பொன்று தோன்றி, படம் எடுக்க மறுக்கின்றது. ஆங்கிலம் அறியாத அம்மையார் அதை என்னென்று அறிவார்? பக்கத்தில் நிற்கும் இளைஞனிடம் நீட்டுவார். அவனும் விரைந்து நாலைந்து இடங்களில் தட்டி, “பழசையெல்லாம் டெலிட் பண்ணிட்டேன், இப்ப எடுங்க” என்பான். அப்பழையவற்றுள், கடலுக்குச் சென்று மீளாத கணவனின் ஒரே படம் இருந்திருக்குமாயின் அவ்விழப்பை ஈடு செய்வார் யார்? அவ்வறிவிப்பு அவர்தம் மொழியில், அவர்தம் வீட்டுச் சொல்லில் அமைந்திருக்குமாயின், எதை வைப்பது எதை அழிப்பது என அவரே முடிவு செய்திருப்பார். தம் உடைமையைத் தாமே காக்கும் உரிமை மொழியில் தொடங்குகின்றது.

கைப்பேசியோடு இச்சிக்கல் நிற்பதும் இல்லை. கூகுள் நிறுவனம் ஒவ்வொருவர்க்கும் கட்டணமின்றித் தரும் இடம் 15 கிகாபைட்டு. மின்னஞ்சல், படங்கள், ஏடுகள் எல்லாம் அவ்வளவிற்குள் அடங்க வேண்டும். 2021 சூன் முதல் நாளிலிருந்து புதிதாய் ஏற்றும் படங்களும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டன. அவ்விடம் முற்றும் நிரம்பினால், வரவேண்டிய அஞ்சலும் வாராது. வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு வரும் அழைப்பு வாயிலிலேயே திரும்பிப் போகும். ‘நிரம்பியது’ என்னும் எச்சரிக்கை முன்னரே பலமுறை வந்திருக்கும். ஆனால் அது விளங்கா மொழியில் வந்த எச்சரிக்கை. விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

மேலும், ‘மெமரி ஃபுல்’ என்னும் தொடர் பொருளாலும் பிழைபட்டது. பொறியுள் இருவகை இடங்கள் உள. ஒன்று, வேலை செய்யும்பொழுது பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் பலகை போன்றது; மின்னாற்றல் நின்றால் அதில் உள்ளவை மறைந்துபோம். அதற்கே நினைவகம் என்று பெயர். மற்றொன்று, பொருள்களை வைத்துப் பூட்டும் அறை போன்றது. மின்னாற்றல் நின்றாலும் அதில் வைத்தவை வைத்தபடி இருக்கும். படமும் பாட்டும் நிரப்புவது அறையையே, பலகையை அன்று. கடன் வாங்கிய சொல்லைக்கொண்டு பேசுவதால் பலகைக்கும் அறைக்கும் வேறுபாடு தெரியாமற் போகின்றது. கடைக்குச் செல்பவர் தமக்கு எது வேண்டும் எனக் கேட்கத் தெரியாமல், விற்பவர் கொடுத்ததை வாங்கி வருகின்றார்.

இந்நிலையில், கைப்பேசியையும் கணினியையும் தமிழர்க்கு முன்னரே ஆண்டு பழகிய சப்பானியர், இதே நிலையை எவ்வாறு சொல்கின்றனர் என்று பார்ப்பது பயன்தரும்.

அவர்கள் தூய சப்பானியமே பேசுகின்றனர் எனப் பொய்யுரைக்க வேண்டுவதில்லை. ‘ஸ்டோரேஜ்’ என்பதைச் ‘சுதொரேசி’ என்றும், ‘மெமரி’ என்பதை ‘மெமொரி’ என்றும் தம் நாவிற்கு ஏற்பத் திரித்து வழங்குகின்றனர். திங்கள்தோறும் கட்டணம் கட்டிப் பெறும் இணைய அளவு தீரும்பொழுது, “கிகா குறைகின்றது” என்று அந்நாட்டு இளைஞர் சொல்வது பெருவழக்காகிவிட்டது. கிகா என்பது பேருருவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்து, நூறு கோடி என்னும் பெருக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. எதனை நூறு கோடி எனச் சொல்லாமல், வெறும் ‘நூறு கோடி குறைகின்றது’ என்பது எத்தகைய பேச்சு என அந்நாட்டிலேயே குறைகூறினாரும் உளர். எனினும் ஒன்றை நோக்குக. பெயர் வந்தேறி, ஆனால், ‘குறைகின்றது’ என்னும் வினை அவர்தம் வீட்டு வினை. குளத்து நீர் குறைவதற்கும் உடல் எடை குறைவதற்கும் எவ்வினையோ அவ்வினையே கிகா குறைவதற்கும் ஆயிற்று. வினையை அவர்கள் விற்கவில்லை.

அவர்கள் நாளும் வழங்கும் பிற சொற்களைப் பார்த்தால் வியப்பு மிகும். இடத்தின் அளவைக் குறிக்க அவர்கள் வழங்குவது ‘யோர்யோ’ என்னும் சொல். அஃது ஈரெழுத்தால் ஆயது. முன்னெழுத்திற்குக் கொள்ளுதல் என்பது பொருள். பின்னெழுத்திற்கு அளவு என்பது பொருள். கொள் அளவு, கொள்ளளவு! தமிழர் ஏரிக்கும் அணைக்கும் குதிருக்கும் வழங்கிவரும் சொல்லை அப்படியே எடுத்து எழுத்துக்கு எழுத்து வைத்தாற்போல் இருக்கின்றது.

நிரம்பியதைக் குறிக்க அவர்கள் சொல்வது ‘இப்பை’. அதனை எழுதும் எழுத்துகளுக்கு ‘ஒரு குவளை’ என்பது நேர்ப்பொருள். குவளை அளவு நிறைந்தது என்னும் கருத்தினின்று ‘நிறைய’ என்னும் பொருள் விரிந்தது. வயிறு நிறைந்தாலும் அதே சொல். நெஞ்சம் நிறைந்தாலும் அதே சொல். கைப்பேசி நிறைந்தாலும் அதே சொல். உணவு உண்டு எழும் கிழவியும் கைப்பேசியை நோக்கும் பேரனும் ஒரே சொல்லைச் சொல்கின்றனர். அப்பாட்டிக்குப் பேரன் பேச்சு விளங்காமற் போவதில்லை.

எஞ்சியுள்ள வெற்றிடத்தை அவர்கள் ‘அகி யோர்யோ’ என்பர். குடியில்லா வீட்டுக்கும் ஆளில்லா இருக்கைக்கும் எச்சொல்லடியோ அச்சொல்லடியே அது. வேலை முடிந்து ஓய்வு கிட்டுவதை, கை வெறுமையாயிற்று என அதே வினையால் சொல்வர். இது தமிழர்க்குப் புதிதா? “கை ஒழியவில்லை” எனத் தமிழ்நாட்டுத் தாய்மார் நாளும் சொல்வது இதுவேயன்றோ? “குடத்தை ஒழிச்சு வை” என்னும் வீட்டுப் பேச்சில் ஒழித்தல் என்பது வெறுமையாக்குதல். சப்பானியர் ‘அகி’ என்னுமிடத்தில் தமிழர் ‘ஒழிவு’ என்னலாம். மாறாக, அரபு மொழியினின்று வந்த ‘காலி’ என்பதைச் சொல்லி, அதன்மேல் ‘ஸ்பேஸ்’ என ஆங்கிலத்தையும் ஏற்றி வைக்கின்றனர்.

படத்தை அழிப்பதற்கு அவர்கள் பேச்சில் வழங்கும் வினை ‘கெசு’. விளக்கை அணைப்பதற்கும் தீயை அவிப்பதற்கும் கரும்பலகையைத் துடைப்பதற்கும் அவ்வினையே. நிரம்பிய கைப்பேசி மெல்ல நகர்ந்தால், அது ‘கனக்கின்றது’ என்பர். தேவையற்றவற்றை நீக்கினால் ‘இலேசாக்கியது’ என்பர். சுமை தூக்கும் தோளின் சொல்லே பொறிக்கும் ஆயிற்று. இவற்றுள் எதுவும் அறிஞர் குழு கூடிப் புதிதாய்ச் சமைத்த கலைச்சொல் அன்று. அடுக்களையிலும் கழனியிலும் கடைத்தெருவிலும் கிடந்த சொற்கள். புதிய பொருள் வந்ததும் அதன்மேல் அஞ்சாது போர்த்தப்பட்டன.

இத்தகைய சொற்கள் தமிழர்க்கு இல்லையா? அரியாங்குப்பத்தாரைப் பார்த்து இவ்வினாவைக் கேட்பதினும் நகைப்புக்குரியது வேறில்லை. ஏனெனில், பொருள்களை வைத்துக் காக்கும் கலையில் உலகறிந்த ஊர் அவர்கள் ஊரின் விளிம்பிலேயே புதைந்து கிடக்கின்றது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தனர். உரோம நாட்டு மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், மணிகளும் அங்குக் கிடைத்தன. 150 அடிக்கு மேல் நீண்ட கட்டடம் ஒன்றன் அடித்தளத்தைக் கண்ட வீலர், அது கப்பற் சரக்குகளை வைத்த கிடங்காக இருக்கலாம் என்று கருதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே, எவ்வளவு கொள்ளும், எவ்வளவு எஞ்சும், எதை ஏற்றுவது, எதை இறக்குவது எனக் கணக்கிட்ட மண் அது. கணக்கிட்டவர் வாயில் சொல் இல்லாமலா இருந்திருக்கும்?

கிடங்கு என்னும் அச்சொல்லின் பயணம் ஒன்றே தமிழர் நிலையைக் காட்டப் போதும். ‘கிட’ என்னும் வினையடியாகப் பிறந்தது கிடங்கு. பொருள் கிடக்கும் இடம் என்பது அதன் பொருள். தெலுங்கில் அது கிட்டங்கி. வணிகரோடு கடல் கடந்து மலாய் மொழியில் ‘கூடாங்’ ஆகி, ஆங்கே வணிகம் செய்த ஐரோப்பியர் வாய்வழி ஆங்கிலத்தில் ‘கோடௌன்’ ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவ்வாறு போன சொல், ஆங்கிலச் சட்டை அணிந்து தாயகம் திரும்பியதும், தமிழர் அதனை ‘குடோன்’ என வரவேற்றுப் பலகையில் எழுதி வைத்தனர்; வீட்டிலிருந்த கிடங்கை வெளியே தள்ளினர். உலகிற்குக் கிடங்கு என்னும் சொல்லைக் கொடுத்த இனம், தன் கையகலக் கிடங்கு நிரம்பியதைச் சொல்ல ‘ஸ்டோரேஜ்’ என்று இரந்து நிற்கும் இழிவை என்னென்பது!

அரியாங்குப்பத்தினின்று தெற்கே பாகூர் சென்றால் அங்கே ஏரி இருக்கின்றது. ஏரி நிரம்பும், தளும்பும், கோடி போகும். வில்லியனூர்ப் பக்கத்துக் கழனிகளில் நெல் விளையும். விளைந்ததை மரக்காலால் அளப்பர். குதிர் கொள்ளுமட்டும் கொட்டுவர். கொள்ளாததை மூட்டையாகக் கட்டுவர். கடற்கரைக்குச் சென்றால் படகு கொள்ளாத மீன்பாடு என்பர்; கூடை நிறைந்தது என்பர்; பனிக்கட்டிப் பெட்டியில் இடமில்லை என்பர். மேட்டூர் அணை நிரம்பும் நாளில், ‘முழுக் கொள்ளளவை எட்டியது’ என வானொலியும் தொலைக்காட்சியும் அறிவிக்கின்றன, 9,347 கோடி கனஅடி என்னும் அக்கொள்ளளவை உழவர் மனப்பாடமாகச் சொல்வர். கொள்ளளவு என்னும் சொல் அணைக்கு விளங்குமாயின், கைப்பேசிக்கு மட்டும் விளங்காமற் போமோ?

ஆகலின், புதிதாய்ச் சொல் படைக்க வேண்டிய இடர் இங்கில்லை. இருப்பதை எடுத்து வழங்க வேண்டுவதே கடன். ‘மெமரி ஃபுல்’ என்னுமிடத்தில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்க. ‘ஸ்பேஸ் இல்லை’ என்னுமிடத்தில் ‘கொள்ளவில்லை’ என்க. ‘எத்தனை ஜிபி?’ எனக் கேட்குமிடத்தில் ‘எவ்வளவு கொள்ளும்?’ எனக் கேட்க. ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்பது ‘ஒழிந்த இடம்’. ‘டெலிட் பண்ணு’ என்பது ‘அழி’. பள்ளிச் சிறுவன் கற்பலகையில் நாளும் செய்த தொழில் அது. பயனற்றவற்றைத் தேடித் தேடி நீக்குவது ‘களையெடுப்பு’. கழனியில் இறங்கியவர்க்கு இதனை விளக்க வேண்டா. வேறிடத்திற்குக் கொண்டு செல்வது ‘மாற்று’. பெரிய படம் ‘இடத்தை அடைக்கின்றது’. நிரம்பிய பொறி ‘கனக்கின்றது’. இத்துணைச் சொற்களுள், கேட்டவர் விழிக்கத்தக்கது ஒன்றேனும் உண்டா?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. அவற்றுக்கும் விடை தருதல் வேண்டும்.

முதலாவது, “தமிழே கைப்பேசியில் மிகுந்த இடத்தை அடைக்கின்றது, ஆங்கிலம் சிக்கனமானது” என்பது. இதில் ஒரு கூறு உண்மை உண்டு. ஒருங்குறியைப் பதியும் பெருவழக்கான முறையில், ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டு கொள்ளும். தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு கொள்ளும். ‘கா’ என்பது போன்ற உயிர்மெய்க்கும் ‘க்’ என்னும் புள்ளியெழுத்துக்கும் இரண்டு குறிகள் வேண்டுதலின் ஆறு பைட்டு ஆகும். ‘தமிழ்’ என்னும் சொல் பதினைந்து பைட்டு கொள்கின்றது. ஆனால், இக்கணக்கை முழுதும் போட்டுப் பார்ப்பவர் அஞ்சார். திருக்குறளின் எழுத்துகள் 42,194 எனக் கணக்கிட்டுள்ளனர். ஒவ்வோரெழுத்துக்கும் ஆறு பைட்டு என மிகுத்தே கொண்டாலும், 1330 குறளும் 2,53,164 பைட்டில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒளிப்படம் இருபது முப்பது இலக்கம் பைட்டு அளவினது. ஒரு மணித்துளி ஓடும் தெளிவான காணொளி பல கோடி பைட்டைக் கொள்ளும். 64 கிகாபைட்டு என்பது 6,400 கோடி பைட்டு; அதில் ஏறத்தாழ இரண்டரை இலக்கம் திருக்குறட் படிகளை வைக்கலாம். காலைதோறும் புலனத்தில் வந்து குவியும் பூங்கொத்துப் படங்களை வைத்துக்கொண்டு, தமிழெழுத்தால் இடம் போயிற்று எனக் குறைகூறுவது, வீட்டில் யானையைக் கட்டிவிட்டு எறும்பு நெல்லைத் தின்றதென அழுவதை ஒக்கும். சப்பானிய எழுத்துகளும் அம்முறையில் மும்மூன்று பைட்டே கொள்கின்றன. அதுபற்றிச் சப்பானியர் எவரும் தம் எழுத்தைக் கைவிடவில்லை.

இரண்டாவது, “தமிழில் சொன்னால் கேட்பவர் சிரிப்பர்” என்பது. இதுவே உண்மையான தடை. சொல்லின்மை அன்று, நாணமே தடை. ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று பேருந்தில் சொன்னால் எவரும் சிரிப்பதில்லை. கல்விக் கூடத்தில் சொன்னால் சிரிப்பதில்லை. மண்டபத்தில் சொன்னால் சிரிப்பதில்லை. கைப்பேசியைக் கையில் பிடித்துச் சொன்னால் மட்டும் சிரிப்பு வருமாயின், அச்சிரிப்பு சொல்லைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. ‘இப்பொருள் வெள்ளையன் தந்தது, ஆதலின் இதனோடு அவன் மொழியில்தான் பேச வேண்டும்’ என்னும் அடிமை எண்ணம் உள்ளே உறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணத்தை அகற்றாதவரை, ஆயிரம் கலைச்சொல் அகரமுதலிகள் வெளிவந்தும் பயனில்லை.

இவ்விடத்தில் தூய தமிழ்ப் பற்றாளரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் நன்று. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. அவ்வியக்கம் தமிழர் பேச்சினின்றும் எழுத்தினின்றும் அகற்றிய வேற்றுச் சொற்கள் பல. மீட்ட தமிழ்ச் சொற்கள் பல. ஆனால், அண்மைக் காலத்தில் நிகழ்வது என்ன? கணிப்பொறியா கணினியா என்று ஒரு வழக்கு. கைப்பேசியா அலைபேசியா செல்பேசியா திறன்பேசியா என்று மற்றொரு வழக்கு. சேமிப்பகத்தில் உள்ள ‘சேமி’ வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று வேறொரு வழக்கு. இவ்வாராய்ச்சிகள் வேண்டியனவே, வேண்டா என எவரும் சொல்லார். எனினும், பெயர்ச்சொல்லுக்கு நான்கு பேர் நான்கு திசையில் வழக்காடும் பொழுதில், வினைச்சொற்கள் ஒவ்வொன்றாய் வாயில் வழியே வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அதனைக் காப்பார் இலர். மேடையில் ‘சேமிப்பகம்’ என முழங்கியவர், கீழிறங்கியதும் மகனிடம், “தம்பி, மெமரி ஃபுல்லுன்னு காட்டுது, என்னான்னு பாரு” என்று கைப்பேசியை நீட்டுவதைக் காண்கின்ற இளைஞன், தமிழ் மேடைக்கு உரியது, வாழ்க்கைக்கு உரியதன்று எனக் கற்றுக்கொள்கின்றான். எதிரிகள் செய்ய முடியாத தீங்கை அந்த ஒரு நொடி செய்துவிடுகின்றது.

தமிழ்ப் பற்றாளர் பலர் கைப்பேசியின் முகமொழி இன்றும் ஆங்கிலமாகவே இருக்கின்றது. பெரும்பாலான கைப்பேசிகளில் அமைப்புப் பகுதிக்குச் சென்று மொழியைத் தமிழாக மாற்றலாம், அதற்கு இரண்டு மணித்துளியும் ஆகாது, காசும் செலவில்லை. அவ்வாறு மாற்றிய முதல் கிழமை சிறிது தடுமாற்றம் தோன்றும். சில சொற்கள் செம்மையாக மொழிபெயர்க்கப்படாமல் முட்டும். முட்டிய சொல்லைக் குறித்து வைத்து, அதைவிட எளிய சொல்லை உரியவர்க்கு எழுதுவதே தமிழ்ப்பணி. எவரும் பயன்படுத்தாத தமிழ் முகப்பை எந்த நிறுவனமும் செப்பஞ்செய்ய முன்வாராது. பயன்படுத்துவார் பெருகினால், திருத்தமும் தானே வரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. கணினிப் பாடத்தில் பெயர்களைத் தமிழில் எழுதவைத்து மதிப்பெண் இட்டுவிட்டு, வாயால் விளக்கும்பொழுது ‘டெலிட் பண்ணு, சேவ் பண்ணு’ என்பது ஏட்டுச் சுரைக்காயை வளர்ப்பதாகும். ‘அழி, பதி, மாற்று, திற, மூடு, தேடு’ என்னும் ஆறு வினைகளை வகுப்பறையில் நாத்தவறாது வழங்கினால், அம்மாணவர் வாயிலாக அவை வீட்டிற்குச் செல்லும். வீட்டினின்று கடைக்குச் செல்லும். கடைக்காரரும் மாறுவார், ஏனெனில், வாங்குபவர் மொழியே விற்பவர் மொழி.

புதுச்சேரி அரசுக்கு ஒரு சொல். 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இங்கு ஆட்சிமொழியாயிற்று. பாவேந்தர் பிறந்த மண் இது. அரசின் அலுவலகங்களில் உள்ள பொறிகளும், மக்கள் விண்ணப்பம் ஏற்றும் இணைய வாயில்களும், ‘கோப்பு பெரிது, கொள்ளவில்லை’ என்று தமிழில் சொல்லுமாறு செய்தல் அரிய செயலன்று. சான்றிதழ் ஏற்ற முயன்று, ஆங்கில மறுப்பு விளங்காமல், இடைத்தரகரிடம் பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் நிலை எளிய மக்களுக்கு நேரலாகாது. ஆட்சிமொழி என்பது சட்டத் தாளில் மட்டும் வாழும் பொருளன்று; அஃது இரவு பத்து மணிக்குத் தனித்திருந்து விண்ணப்பிக்கும் ஏழைப் பெண்ணின் கையிலுள்ள கண்ணாடிச் சில்லில் வாழ வேண்டும்.

நிறைகுடம் தளும்பாது என்பது தமிழர் முதுமொழி. தமிழ் நிறைகுடம், அதில் ஐயமில்லை. ஆனால், நிறைகுடத்தை உறியில் வைத்துவிட்டு, அயலான் வீட்டுக் குவளையை ஏந்தி நிற்பவர்க்கு நீர்வேட்கை தணியாது. சப்பானியன் தன் குவளையையே கைப்பேசிக்கு அளவாக்கிக்கொண்டான். தமிழனிடம் குவளை மட்டுமன்று. உழக்கும் நாழியும் மரக்காலும் கலமும் குதிரும் கிடங்கும் ஏரியும் இருக்கின்றன. அளக்கும் கருவிகள் இத்துணை இருந்தும் அளவைச் சொல்ல வாயில்லையெனின், குறை மொழியினதன்று.

அடுத்த முறை கைப்பேசி நிரம்பும்பொழுது, தமிழர் ஒவ்வொருவரும் அருகிலிருப்பவர் கேட்க, “இடம் நிரம்பிவிட்டது; சிலவற்றை அழிக்க வேண்டும்” என்று சொல்லட்டும். முதல் நாள் ஒருவர் சிரிக்கலாம். பத்தாம் நாள் அவரும் அதையே சொல்வார். மொழி மீட்சி மாநாட்டுப் பந்தலில் தொடங்குவதில்லை, அரியாங்குப்பத்துக் கடைத்தெருவில், ஒரு தாய் தன் கைப்பேசியை நீட்டி, “இது இன்னும் எவ்வளவு கொள்ளும், தம்பி?” என்று தலைநிமிர்ந்து கேட்கும் அந்நொடியில் தொடங்குகின்றது.

அழிக்க வேண்டியவற்றை அழிப்போர், தமிழை மட்டும் அழியாது வைப்பாராக!